கறிக்கு ஈடா காளான்? தோட்டப்புறக் காளான்களின் சத்துக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புரட்டாசியும் மழையும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வலுக்கும். வீட்டில் அசைவம் நிறுத்தியிருக்கும் அதே நாள்களில்தான் செம்பனைக் காட்டிலும் பழைய பால்மரக் கட்டைகளிலும் காளான் முளைக்கிறது. காலைச் சந்தையில் இலையில் குவித்து வைத்து, "இறைச்சியில் உள்ள அத்தனை சத்தும் இதில் இருக்கிறது" என்று சொல்லி விற்கிறார்கள். விற்பவரும் அதை நம்புகிறார், வாங்கிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் தாயும் நம்புகிறார்.

அந்த நம்பிக்கை புரதத்தைப் பொறுத்தவரை தவறு. காளானுக்கு மதிப்பு உண்டு, நல்ல மதிப்பே உண்டு. ஆனால் அது வேறு சத்துகளில் இருக்கிறது. புரதத்தை எண்ணிச் சமைக்கும்போது அந்தச் சத்துகளைத்தான் தண்ணீரோடு கொட்டிவிடுகிறோம்.

நம் பக்கத்தில் சாப்பிடுபவை

காட்டில் முளைக்கும் காளான் வகைகள் ஏராளம். தோட்டப்புறத்தில் உணவாகச் சேர்வது பெரும்பாலும் நான்கு.

முதலிடம் புற்றுக்காளானுக்கு. மலாய்க்காரர்கள் செண்டாவான் பூசுட் என்பார்கள். அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசிஸ். இது கறையான் வளர்க்கும் பயிர். மேக்ரோடெர்மெஸ் வகைக் கறையான்கள் காய்ந்த மரத்தையும் சருகையும் தின்று, அதன் கழிவை நிலத்தடியில் கடற்பஞ்சு போன்ற அடுக்குகளாகக் கட்டுகின்றன. அந்த அடுக்கில் படரும் பூஞ்சை மரநாரை மென்மையாக்கித் தர, கறையான் அதை உண்கிறது. மழைக்குப் பின் அந்தப் பூஞ்சை மேலே அனுப்புவதுதான் நாம் பறிக்கும் காளான். குடையின் உச்சியில் மண்ணைத் துளைத்து வரும் கூர்முனை இருக்கும். தண்டு தரைக்குக் கீழே வேராக மெலிந்து நீண்டு, கறையான் அடுக்கைத் தொட்டு நிற்கும். சும்மா பிடித்து இழுத்தால் தண்டு பாதியில் முறிந்துவிடும். குச்சியால் பக்கத்தில் கிளறி எடுத்தால்தான் அந்த வேர்த்தண்டு முழுதாக வரும். அடையாளத்துக்கும் அந்தத் தண்டு வேண்டும்.

கறையான் இல்லாமல் இதை வளர்க்க முடியாததால் கடைக்கு வருவதெல்லாம் காட்டிலிருந்து வந்ததுதான். புற்றை இடித்து நிரவும் தோட்டத்தில் இது மறுபடி முளைக்காது. செம்பனையை உயிரோடு தின்று சாய்ப்பது கொப்டோடெர்மெஸ் என்னும் வேறு கறையான், அதற்கும் காளானுக்கும் தொடர்பில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாப் புற்றுக்கும் மருந்து ஊற்றுவது வருத்தமான இழப்பு.

இரண்டாவது செம்பனைக் காளான். ஆலையில் பழம் உதிர்த்த பிறகு எஞ்சும் வெறுங்குலைகளை லாரியில் கொண்டுவந்து மரவரிசைகளுக்கிடையே உரமாகப் பரப்புவார்கள். அந்தக் குலை நனைந்து சூடேறி மட்கும்போது முட்டை வடிவில் சாம்பல்நிற மொட்டுகள் கூட்டமாக வெளிவரும். சீனர் கடைகளில் டின்னில் விற்கும் வைக்கோல் காளானும் இதுவும் ஒன்றே, வால்வாரியெல்லா வால்வேசியா.

மூன்றாவது, பால்மரக் கட்டைகளில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் விரல்நக அளவுக் காளான், செண்டாவான் கூகுர். அடியில் பார்த்தால் மெல்லிய தகடுகள் போன்ற மடல்கள் நடுவே பிளந்திருக்கும். நான்காவது காதுக்காளான், பட்டுப்போன கிளைகளில் தொங்கும் பழுப்புநிற வழவழப்பு.

புரதக் கணக்கு எங்கே இடறுகிறது

"காய்ந்த காளானில் 30 சதவீதம் புரதம்" என்ற வரியைப் பல இடங்களில் படிக்கலாம். அது இரண்டு இடங்களில் இடறுகிறது.

முதலாவது, அளவிடும் முறை. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். இறைச்சிக்கு அது சரி. காளானின் செல்சுவர் கைட்டினால் ஆனது. இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதம் அல்ல. ஆகவே காளானுக்கு 4.38ஆல் பெருக்க வேண்டும் என்பது உணவு அறிவியலில் ஏற்கப்பட்ட வழக்கம். பழைய பெருக்கலில் 30 சதவீதம் என்று வந்தது இப்படிக் கணக்கிட்டால் 21 சதவீதமாக இறங்கும்.

இரண்டாவது, தண்ணீர். பறித்த காளானில் 90 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ காயவைத்தால் 100 கிராம்தான் மிஞ்சும். அப்படியானால் 100 கிராம் பச்சைக் காளானில் காய்ந்த பொருள் 10 கிராம், அதில் 21 சதவீதம் என்றால் 2 கிராம் புரதம். ஓர் முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு முட்டைக்கு ஈடுகட்ட 300 கிராம் காளான் சாப்பிட வேண்டும், அதாவது ஒரு சட்டி. காதுக்காளான் இன்னும் கீழே. அதைக் காயவைத்த பிறகும் 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம்தான்.

காளான் புரதத்தில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் இருப்பது உண்மை. ஆனால் கைட்டின் சுவருக்குள் அடைபட்டிருப்பதால் முட்டைப் புரதம் அளவுக்குச் செரிப்பதில்லை. பி12 வைட்டமினையும் காளானை நம்பி விடக்கூடாது. அதில் கிடைப்பது சொல்லத்தக்க அளவே இல்லை. ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும், ஒரு மாத விரதத்துக்கு அது பெரிய சிக்கல் ஆகாது.

விரத மாதத்தில் புரதத்துக்குப் பருப்பும், நொதித்த சோயாக் கட்டியான தெம்பேயும் இருக்கின்றன. 50 கிராம் பருப்பில் 11 கிராமுக்கு மேல், 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். காளானைத் தனிக் குழம்பாக வைப்பதைவிடத் தெம்பேயோடோ, தவ்வு என்னும் டோஃபுவோடோ, கடலைப்பருப்போடோ சேர்த்துச் சமைத்தால் தட்டு நிறைவாகும்.

அப்படியென்றால் காளானில் என்னதான் இருக்கிறது

கடையில் வாங்கும் வெள்ளைப் பொத்தான் காளானைத்தான் நன்றாக அளந்து வைத்திருக்கிறார்கள். அதன் 100 கிராமில் 22 கிலோ கலோரி, 3 கிராம் மாவுச்சத்து, 0.3 கிராம் கொழுப்பு, 318 மில்லிகிராம் பொட்டாசியம், 5 மில்லிகிராம் சோடியம். ரைபோஃபிளேவின் 0.4 மில்லிகிராம், நயாசின் 3.6 மில்லிகிராம், செம்பு 0.3 மில்லிகிராம். பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவையில் ரைபோஃபிளேவினும் செம்பும் மூன்றில் ஒரு பங்கு, நயாசின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். காட்டுக் காளான்கள் மண்ணுக்கும் மரத்துக்கும் வயதுக்கும் ஏற்ப இந்த அளவுகளிலிருந்து கூடிக் குறையும். கலோரி குறைவு, பொட்டாசியமும் பி வைட்டமின்களும் தாராளம் என்ற பொது அமைப்பு மாறாது.

வெள்ளை அரிசியை மூன்று வேளை சாப்பிடும் தட்டில் பி வைட்டமின்களுக்கு இடம் குறைவு. அந்த இடத்தைக் காளான் நிரப்புகிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் இது பொருத்தமான உணவு. சர்க்கரையை ஏற்றாது, வயிற்றை நிரப்பும். ஆட்டுக்கறிப் பிரட்டலில் பாதிக் கறியை எடுத்துவிட்டு அதே எடைக்குக் காளான் சேர்த்தால் கொழுப்பு ஏறக்குறைய பாதியாகும், சுவையும் பெரிதாக இறங்காது. காளானில் இயல்பாகவே உள்ள குளுட்டமேட்தான் அந்தக் கறிச்சுவையைத் தருகிறது. அதனால் உப்பையும் சற்றுக் குறைத்துப் போடலாம். இரத்தக்கொதிப்பு உள்ள வீட்டில் இது சிறிய லாபமல்ல.

நார்ச்சத்தில் முந்துவது காதுக்காளான். காய்ந்தது 10 கிராம் ஊறவைத்தால் ஒரு கிண்ணம் நிறையும், நார்ச்சத்து 7 கிராம் அளவுக்குக் கிடைக்கும். எர்கோதயோனைன் என்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்புப் பொருளும் காளானில்தான் அதிகம். மற்ற உணவுகளில் அது சிறிதளவே உண்டு. சமையல் சூட்டில் அழியாது.

மருந்துப் பேச்சில் மட்டும் நிதானம் வேண்டும். செண்டாவான் கூகுரிலிருந்து பிரித்தெடுத்த சிசோஃபில்லன் என்ற பொருளை ஜப்பானில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைமருந்தாகப் பயன்படுத்தினார்கள், உண்மை. அது சுத்திகரித்து ஊசியில் ஏற்றிய மருந்து. அதே காளானைச் சந்தானில் (தேங்காய்ப் பாலில்) கொதிக்கவைத்துச் சாப்பிட்டால் அந்த மருந்தின் வேலை நடக்காது.

சட்டியில் சத்து தங்கவும் போகவும் காரணங்கள்

பி வைட்டமின்களும் பொட்டாசியமும் தண்ணீரில் கரைபவை. காளானை நறுக்கிக் கொதிக்கவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் நல்லதில் பெரும்பங்கு அதோடு போகும். மண் போக ஓடும் நீரில் அலசி, உடனே துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

எண்ணெய்தான் பெரிய திருட்டு. காளானின் சதை முழுக்க நுண்துளை. குளிர்ந்த சட்டியில் எண்ணெயையும் காளானையும் ஒன்றாகப் போட்டால் அத்தனை எண்ணெயையும் உறிஞ்சிவிடும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 240 கிலோ கலோரி, 22 கிலோ கலோரிக் காளானின் மேல் பத்து மடங்கு ஏற்றிவிட்டோம் என்று பொருள். முறை இதுதான்: குவாலியை (வாணலியை) நன்றாகச் சூடாக்கி, எண்ணெயில்லாமல் காளானைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு தூவிக் கிளற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் நீர் விட்டுக்கொள்ளும். அந்த நீரை வடிக்காமல் சுண்டவிட வேண்டும். நீர் வற்றி ஓரம் சிவக்கத் தொடங்கும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, வெங்காயம், பூண்டு, உடைத்த மிளகு, கறிவேப்பிலை சேர்த்துப் புரட்டினால் முடிந்தது. சதை அதற்குள் சுருங்கி இறுகியிருக்கும், எண்ணெயை இழுக்காது. கால் கிலோ காளான் பாதியாகச் சுருங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போனது தண்ணீர்.

காளானைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. கைட்டின் சுவர் சூட்டில் தளர்ந்தால்தான் உள்ளிருப்பது குடலுக்குக் கிடைக்கும். செண்டாவான் கூகுர் தோல்போல் இருப்பதால் அதை இடித்து அரை மணி நேரமாவது வேகவிட வேண்டும். நன்றாக வெந்த காளானும் சிலருக்கு வயிற்றுப்போக்கு தரும். டிரெஹலோஸ் என்ற காளான் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவர்கள் உடலில் போதாது. முதல்முறை சாப்பிடும் எவரும் இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்துவது நல்லது.

செம்பனைக் காளானைப் பிரிட்ஜில் வைத்து வீணடிப்பது வழக்கமான தவறு. வெப்பமண்டலக் காளான் என்பதால் 10 டிகிரிக்குக் கீழே அதன் செல்கள் உடைந்து மறுநாளே நீராக ஒழுகும். வெளியில் வைத்தாலோ சில மணி நேரத்தில் மொட்டு விரிந்துவிடும். பறித்த அன்றே சமைப்பது அல்லது கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து உறையவைப்பது, இவ்விரண்டே வழி. புற்றுக்காளான் காகிதத்தில் சுற்றினால் பிரிட்ஜில் ஓரிரு நாள் தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும்.

வெயில் தரும் சத்து ஒன்று இருக்கிறது. காளானில் உள்ள எர்கோஸ்டெரால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. மண்ணுக்கடியிலிருந்தோ குலைக் குவியலின் நிழலிலிருந்தோ பறித்த மொட்டில் அது மிகக் குறைவு. நறுக்கிய காளானை மடல் மேலே பார்க்கும்படி தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே நேர் வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் 100 கிராமில் 10 மைக்ரோகிராம் அளவுக்கும் அதற்கு மேலும் உண்டாகும். பெரியவரின் அன்றாடப் பரிந்துரை 15 மைக்ரோகிராம். கண்ணாடிச் சன்னலுக்கு உட்புறம் வைத்தால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். சமைக்கும்போது இதில் பெரும்பகுதி தங்கும்.

சேமிக்கக் காயவைப்பதென்றால் மடக்கினால் ஒடியும் வரை காய வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. மாலை ஐந்து மணிக்கு உள்ளே எடுக்க மறந்தால் இரவில் மறுபடி ஈரம் ஏறி, மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். வளைந்து ஒடியாத காளானைப் போத்தலில் அடைக்காதீர்கள்.

காய்ந்த காதுக்காளானை ஊறவைப்பதில் ஆபத்து உண்டு. ஒரு மணி நேரம் போதும். இரவு முழுவதும் மேசைமேல் விட்டால் பர்க்கோல்டேரியா என்ற பாக்டீரியா பெருகி போங்க்ரெக் அமிலத்தைச் சுரக்கலாம். ஜாவாவில் தேங்காய்த் தெம்பே சாப்பிட்டுப் பலர் மடிந்ததற்கும் இதே நஞ்சுதான் காரணம். மணமும் சுவையும் மாறாது, கொதிக்கவைத்தாலும் அழியாது.

யாருக்கு அளவு குறைய வேண்டும்

டயலிசிஸ் செய்பவர்களுக்குப் பொட்டாசியம் பகை. அவர்களுக்கு மேலே சொன்ன சமையல் முறையைத் தலைகீழாக்க வேண்டும். மெல்லியதாக நறுக்கி, நிறைய நீரில் கொதிக்கவைத்து, நீரைக் கொட்டிவிட்டுச் சிறிய அளவு, அதுவும் கிளினிக்கின் உணவு ஆலோசகர் அனுமதித்தால். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குபவர்கள் குவியல் குவியலாகச் சாப்பிட வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் காதுக்காளானைத் தினமும் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம், அதற்கும் இரத்தத் தட்டுகளை ஒட்டவிடாத தன்மை உண்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் காட்டில் பறித்தது வேண்டாம், பண்ணையில் வளர்த்த சிப்பிக்காளான் போதும்.

பறித்த இடமும் சத்தில் சேர்த்தி

காளான் மண்ணில் உள்ளதை இழுத்துச் சேர்க்கும். செம்பை இழுப்பது போலவே காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றையும் இழுக்கும். அவை சதைக்குள் சேர்ந்திருப்பதால் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. கிந்தா பள்ளத்தாக்கின் பழைய வெள்ளீயச் சுரங்கங்களின் (லம்பங்களின்) மணல்மேடு, நெடுஞ்சாலை ஓரம், குப்பைக்கிடங்கு, ஆலைக் கழிவுக் குளத்தின் கரை ஆகியவற்றில் முளைத்ததை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். செம்பனைக்குப் போடும் பாறைப் பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் உண்டு. ஆகவே ஒரே காட்டிலிருந்து வாரந்தோறும் பறித்துச் சாப்பிடுவதைவிட எப்போதாவது சாப்பிடுவது நல்லது.

களைக்கொல்லி இன்னொன்று. பாராகுவாட்டுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை வந்துவிட்டது, மற்ற மருந்துகள் தொடர்கின்றன. மரத்தடியைச் சுற்றியுள்ள வட்டத்தில்தான் மருந்து அடிப்பார்கள். புல் மஞ்சளித்தோ கருகியோ கிடக்கும் வட்டத்தில் முளைத்ததைத் தொடாதீர்கள். எந்த வரிசைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்ல வழக்கம்.

உயிருக்கு உலை வைக்கும் ஒப்புமைகள்

பள்ளித் திடல், கோயில் வளாகம், பந்து மைதானம் ஆகிய புல்தரைகளில் மழைக்குப் பின் தட்டு அளவுக்கு விரியும் வெள்ளைக் காளான், குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். குடையில் பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம். புற்றுக்காளான் என்று எண்ணிப் பறிப்பார்கள். இளசில் மடல் வெள்ளையாக இருப்பதால் ஏமாறுவது எளிது, முதிர்ந்தபின்தான் பச்சை படரும். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் வரும்.

அமானிட்டா என்ற நச்சுக்காளான் அதைவிடக் கொடியது. அதன் மொட்டும் செம்பனைக் காளான் மொட்டும் ஒரே முட்டை வடிவம், இரண்டுக்கும் அடியில் உறை உண்டு. கான்பராவில் 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவர் இறந்தது இப்படித்தான், வைக்கோல் காளான் என்று நம்பி அமானிட்டாவைச் சமைத்திருந்தார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். தன் ஊரில் பழகிய காளானின் சாயலில் இங்கே நிற்பது வேறாக இருக்கலாம்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, புழு அரித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பொய்ச் சோதனைகள். அமானிட்டா நஞ்சு எதையும் கறுக்கச் செய்யாது, புழுவும் அதைத் தின்னும்.

உதவும் சோதனை வித்துத்தூள் படிமம். விரிந்த குடையைத் தண்டு நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் மடல் கீழே இருக்கக் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி ஓர் இரவு விட வேண்டும். செம்பனைக் காளானும் புற்றுக்காளானும் இளஞ்சிவப்புத் தூள் உதிர்க்கும். அமானிட்டாவின் தூள் வெள்ளை, குளோரோஃபில்லத்தின் தூள் மங்கிய பச்சை. வெள்ளையோ பச்சையோ வந்தால் வீசிவிட வேண்டும். இளஞ்சிவப்பு வந்தால் மட்டும் போதாது. புற்றுக்காளானுக்கு வேர்த்தண்டும் கூர்முனையும், செம்பனைக் காளானுக்கு மட்கும் குலையும் வளையமில்லாத தண்டும் ஒத்துவர வேண்டும். மொட்டில் படிமம் எடுக்க முடியாது. அதனால் குலையிலேயே முளைத்து, அதே குவியலில் விரிந்த காளானைச் சோதித்து உறுதி செய்த பிறகே மொட்டைத் தொடலாம். மண்ணிலிருந்து தனியே வந்த மொட்டைத் தொடவே கூடாது.

சாப்பிட்டபின் கோளாறு என்றால் நேரத்தைக் கவனியுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் குடலோடு போகும் நஞ்சு, அதற்கும் மருத்துவமனை வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து, இரவு உண்டு விடியலில் தொடங்கினால் அமானிட்டாவை நினைக்க வேண்டும். அதில் இரண்டாம் நாள் வாந்தி நின்று தேறிவிட்டது போலத் தோன்றும், அந்த நேரத்தில்தான் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். தேறிவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் 999ஐ அழைக்க வேண்டும். மிச்சக் குழம்பையும் சமைக்காத காளானையும் காகிதப் பையில் போட்டு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், உடன் யார் யார் சாப்பிட்டார்கள், எங்கே பறித்தது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்கும்போது அந்தத் தாளில் உள்ளதைத்தான் முதலில் கேட்பார்கள். நோயாளியோடு சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாலும் அவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள்.